பின்கட்டுத் தூணைப் பார்த்தவள்

சியாமளாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் நான்கு வருஷம் போக மீதியெல்லாம் புனே ராஸ்தா பேட்டையில் ஒரே வாடாவின் மாடியில் கழிந்தது. வாடா என்றால் நடுவில் திறந்த முற்றமும் நாலு பக்கமும் தேக்குத் தூண் நிறுத்திய மாடியுமாக மராட்டியர் பாணியில் கட்டிய பழைய வீடு. குடியாத்தத்திலிருந்து ராணுவக் கணக்கு அலுவலகத்துக்குக் குமாஸ்தாவாக வந்த அவள் அப்பா, அதன் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்தார். சியாமளா அங்கேதான் பிறந்தாள். கல்யாணமாகிப் புனேக்கு வெளியே தளேகாவில் நான்கு வருஷம் இருந்தாள். அப்பா போனதும், அம்மாவைத் தனியாக விட முடியாமல் கணவன் ரவிசந்திரனையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தவள்தான். பிறகு அம்மாவும் போனாள். வாடகைச் சீட்டு இவள் பேருக்கு மாறியது.

பக்கத்துத் தெரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆபீஸ் வேலை. அவள் பேசும் மராட்டியைக் கேட்டால் தமிழ்க்காரி என்று யாரும் நம்ப மாட்டார்கள். வீட்டுக்குள் தமிழ்தான், ஆனால் அதுவும் புனே தண்ணீர் குடித்த தமிழ். மாடிப்படிக்கு அவள் வாயில் 'ஜினா' என்றுதான் வரும். "ஜினா வழுக்குது, பார்த்து எறங்கு" என்று கணவனை எச்சரிப்பாள். ரவிசந்திரன் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். விடிவதற்குள் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிற மனுஷன்.

கீழே முற்றத்தை ஒட்டி இருந்தவர் வீட்டுக்காரம்மா ராஜஸ்ரீ. எழுபது வயது, கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. மராட்டியில் அண்ணியை அழைப்பதுபோல 'வஹினி' என்றே சியாமளா அவரைக் கூப்பிடுவாள். பகல் முழுக்க வஹினியின் கதவு திறந்தே கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடிப்பது முப்பது வருஷப் பழக்கம். வாடாவில் இன்னும் ஐந்து குடித்தனங்கள் இருந்தன. எல்லாருக்கும் ஒரே பயம்தான், அமோல். வஹினியின் கணவருடைய தம்பி மகன். வாடாவில் அவனுக்கும் பங்கு உண்டு. மகர்பட்டாவில் பதினோராம் மாடியில் வீடு வாங்கிவிட்டவனுக்கு இதை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட வேண்டும் என்று அவசரம். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் வந்து சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவான். அபாயக் கட்டடம் என்று மாநகராட்சி எழுதிவிட்டால் காலி பண்ண வேண்டும். சட்டப்படி திரும்ப வர உரிமை உண்டுதான். ஆனால் அப்படி வெளியே போய்ப் பதினைந்து வருஷமாகியும் திரும்பாத குடும்பங்கள் அந்தத் தெருவிலேயே மூன்று இருந்தன.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வைஷாலி என்று ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வார நாளில் விமான் நகரில் ஆபீஸ் வேலை, ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பேட்டைகளைச் சுற்றிக் காட்டும் நடை என்று வைத்திருந்தாள். ஒரு நாள் முற்றத்தை எட்டிப் பார்த்தவளிடம், தூண்களின் உச்சியில் வாழைப்பூவைக் கவிழ்த்த மாதிரி செதுக்கியிருப்பதைக் காட்டி சியாமளா பேச ஆரம்பித்தாள். பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது. அடுத்த மாதம் முதல் ராஸ்தா பேட்டை நடைக்கு வழிகாட்டி சியாமளாதான்.

ஏழரை மணிக்கு சோம்வார் பேட்டையில் திரிசுண்ட் கணபதி கோவில் முன்னால் கூடுவார்கள். மூன்று துதிக்கைக் கணபதியையும், வாசல் கல்லில் செதுக்கியிருக்கும் காண்டாமிருகத்தையும் காட்டுவாள். நாகேஸ்வரர் கோவில், குறுக்குச் சந்துகள், கடைசியில் அவள் வாடா. அங்கே மாடி ஏறிப் பார்த்து, வஹினி போட்ட டீயைக் குடித்துவிட்டுக் கலைவார்கள். பள்ளிக்கூட ஆபீஸில் நாள் முழுக்க அவளை ஏவத்தான் ஆள் இருந்தார்கள், அவள் சொல்வதைக் கேட்க ஒருத்தரும் இல்லை. இங்கே இருபது பேர் வாய் திறவாமல் அவள் முகத்தையே பார்த்தார்கள். "இந்த வீட்டிலேயா நீங்க இருக்கீங்க?" என்று யாராவது வியந்தால் அந்த வாரம் பூராவும் அவளுக்கு மனம் நிறைந்திருக்கும்.

போன வருஷம், கணபதி விசர்ஜனத்துக்கு மறுநாள். மழையில் நனைந்த போர்வையை உலர்த்தப் பின்பக்க மாடி நடைக்குப் போனாள். போர்வையை உதறும்போது கால் சறுக்க, அங்கிருந்த தூணைப் பிடித்தாள். விரல்கள் உள்ளே போய்விட்டன. டீயில் நனைத்த ரஸ்க்கை அமுக்கினமாதிரி இருந்தது.

சாயங்காலம் ரவிசந்திரன் வந்து ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தான். கைப்பிடி வரைக்கும் இறங்கியது.

"கரையான். அடிப்பாதி ஒண்ணுமேயில்ல. வெறும் மண்ணு நிக்குது."

"இப்ப இன்னா பண்றது?"

"ஒரு ஜாக்கி குடுத்துத் தாங்கலாம். ஃபேக்டரியில இருந்து எடுத்தாரேன்." சொல்லிவிட்டு அவனே யோசித்தான். "ஆனா இரும்பு முட்டு குடுத்தா கீழேயிருந்து பார்த்தாலே தெரியும். அமோல் ஒரு போட்டோ எடுத்தான்னா முடிஞ்சுது."

"வஹினி கிட்ட சொல்லலாமா?"

"சொன்னா அவங்க அமோல் கிட்ட சொல்ல வேண்டியதா வரும். பங்காளி இல்லியா? மழை முடியட்டும். நானே சத்தமில்லாம மரம் மாத்திடறேன்."

தூணை மறைத்து ஒரு பழைய துணித்திரையைக் கட்டினாள். பின்பக்க மாடி நடை தொடங்கும் இடத்தில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டாள். மழை முடிந்தது. தீபாவளி முடியட்டும் என்றார்கள். பிறகு ரவிசந்திரனுக்கு ஓவர்டைம் வந்தது. பொங்கல் வந்து போனது. தூண் விழவில்லை. தினமும் பார்த்துப் பார்த்து, விழாது என்றே மனசு நம்பத் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜனங்களை என்ன செய்வது என்று ஒரு தரம் அவளுக்குத் தோன்றாமல் இல்லை. நடையை வாடா வாசலோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் வைஷாலி ஏன் என்று கேட்பாள். தவிரவும், அந்த அரை மணி நேரத்தை விட சியாமளாவுக்கு மனசு வரவில்லை. அதனால் ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தாள். மாடி ஏறியதும், "பின்பக்கம் மட்டும் போகாதீங்க, அது எங்க சமையல்கட்டுப் பக்கம்" என்பாள். ஜனங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஜூலை இரண்டாம் ஞாயிறு. தூறலோடு பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் ஒரு இளம் ஜோடி, ஷ்ரேயஸும் ஸ்ரீவித்யாவும். கோயம்புத்தூரிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, இரண்டு பேரும் கம்ப்யூட்டர் கம்பெனியில். சியாமளா போனில் கணவனிடம் பேசியதைக் கேட்டுவிட்டு ஸ்ரீவித்யா ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க தமிழுங்களா? அட, சொல்லவே இல்லீங்களே! எட்டு மாசமா வெளிய தமிழே கேக்காம காது அடைச்சுப் போச்சுங்க."

வழி முழுக்கக் குடையைச் சியாமளாவுக்குப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நடந்தாள். வாடாவுக்கு வந்ததும் குடையை மடக்கிச் சியாமளா கையில் கொடுத்தாள். எல்லாரும் மாடி ஏறினார்கள். சியாமளா வழக்கம்போலச் சொன்னாள், மராட்டியில் ஒரு தரம், ஸ்ரீவித்யாவைப் பார்த்துத் தமிழில் ஒரு தரம். "பின்பக்கம் எங்க சமையல்கட்டும்மா. இந்தப் பக்கமே பாருங்க."

பிறகு முன்பக்கத் தூணைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். பின்பக்கத்து உத்தரத்தின் முனையில் செதுக்கிய ஒரு மரக்கிளி உண்டு. எதிர்ப்பக்கத்திலிருந்து அது தெரியும். ஸ்ரீவித்யா அதைப் பார்த்துவிட்டாள். ஒரே ஒரு போட்டோ என்று பெஞ்சைத் தாண்டிப் போனாள்.

பெரிய முறிவுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஈர மூட்டையைத் தரையில் போட்டமாதிரி ஒரு தொப்பென்ற ஓசை, அப்புறம் பலகைகள் சரசரவென்று சரிந்த ஓசை. சியாமளா திரும்பும்போது பின்பக்க நடை பாதி இல்லை. கீழே புழுதிக்குள்ளிருந்து ஸ்ரீவித்யா, "அம்மா, அம்மா" என்று கத்தினாள்.

இடது தொடை எலும்பு முறிந்திருந்தது. குதிகாலும் நொறுங்கியிருந்தது. ஆம்புலன்ஸ் சந்துக்குள் வர முடியவில்லை. வஹினியின் கட்டிலில் அவளைப் படுக்க வைத்து நாலு பேர் தெருமுனைக்குத் தூக்கிப் போனார்கள். ஷ்ரேயஸ் அவள் கையைப் பிடித்தபடி கூடவே ஓடினான். சியாமளா பின்னால் போனாள். தெருமுனையில் வண்டிக் கதவை மூடும்போதுதான், ஸ்ரீவித்யாவின் குடை இன்னும் தன் கையில் இருப்பதைக் கவனித்தாள்.

மத்தியானம் போலீஸ்காரர் வந்தார். முற்றத்தில் எல்லாரையும் நிறுத்தி விசாரித்தார். ராஜஸ்ரீ வஹினிதான் முதலில் பேசினார். "பத்து நாளா விடாத மழை. மரம் ஊறிப் போயிருக்கும். முன்னாடி யாருக்கும் ஒண்ணும் தெரியாது." மற்றக் குடித்தனக்காரர்கள் வரிசையாகத் தலையாட்டினார்கள். போலீஸ்காரர் சியாமளாவைப் பார்த்தார். அவளும் தலையாட்டினாள்.

"வாயத் தொறக்காத," என்றான் ரவிசந்திரன், மாடிக்கு வந்ததும். "நீ சொன்னா அந்தப் பொண்ணு கால் கூடிடுமா? ஆறு குடும்பம் தெருவுல நிக்கும். அவ்ளோதான்."

நான்காம் நாள், இட்லி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆபரேஷன் ஆகித் தொடையில் தகடு வைத்திருந்தார்கள். ஷ்ரேயஸ் ஒரு வார்த்தையோடு வெளியே போய்விட்டான். ஸ்ரீவித்யா மெலிந்த குரலில், "வாங்க ஆன்ட்டி, உக்காருங்க" என்றாள். அவளாகவே சியாமளாவின் கையைப் பிடித்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சமையல்கட்டுன்னு ரெண்டு தடவை சொன்னீங்க. அடுத்தவங்க வீட்டுல அப்படிப் போயிருக்கக் கூடாதுங்க. உங்க வீட்டையும் இடிச்சு, உங்களுக்கும் போலீஸ் அது இதுன்னு… என்னாலதானுங்களே எல்லாம்."

சியாமளாவுக்கு "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று மட்டும் வந்தது. இட்லி டப்பாவைத் திறந்து வைத்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தவள் மூன்று பஸ்களை விட்டாள். அந்தப் பெண் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். மன்னிப்புக் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. அபாயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அந்தப் பெஞ்சைத் தாண்டியிருக்கவே மாட்டாள். ஆளைத் தடுக்காத ஒரு பொய்யைத் தானே தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறோம் என்று அங்கே உட்கார்ந்துதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒரு சான்றிதழில் பிறந்த தேதியை மூன்று தடவை தப்பாக எழுதினாள்.

அடுத்த திங்கட்கிழமை மாநகராட்சியிலிருந்து கட்டடத்தைப் பார்க்க இன்ஜினியர் வந்தாள். அம்ருதா என்று பேர், முப்பது வயதுகூட இருக்காது. தலையில் ஹெல்மெட், கையில் அட்டை. ஒவ்வொரு தூணையும் தட்டிப் பார்த்தாள். விழுந்த துண்டுகளைக் கிளறினாள். எல்லாரும் முற்றத்தில் நின்றார்கள். அமோலும் வந்திருந்தான்.

"இது மழையில் ஒரே நாளில் ஆனதில்லை," என்றாள் அம்ருதா. "யாருமே பார்க்கவில்லையா?"

"இல்லை," என்றார் வஹினி. "யாரும் பார்க்கவில்லை."

அம்ருதா பேனாவை எடுத்தாள். அவள் எழுதப் போவதைப் பார்த்ததும் சியாமளாவின் வாய் தானாகத் திறந்தது.

"நான் பார்த்தேன்."

ரவிசந்திரன் அவள் தோளைத் தொட்டான். தொட்ட கையை அவனே எடுத்துக்கொண்டான்.

"போன வருஷம், கணபதி விசர்ஜனத்துக்கு மறுநாள். விரல் உள்ளே போச்சு. திரை கட்டி மறைச்சது நான்தான். சமையல்கட்டுன்னு சொன்னதும் நான்தான். அங்கே சமையல்கட்டு எதுவும் கிடையாது."

வஹினி அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முப்பது வருஷத்தில் பகல் வேளையில் அந்தக் கதவு சாத்திச் சியாமளா பார்த்தது அன்றுதான்.

ஏழு நாளில் காலி செய்ய உத்தரவு வந்தது. சியாமளாவின் வாக்குமூலத்தைப் போலீஸ் மறுபடி பதிந்துகொண்டது. கவனக்குறைவு என்று அவள் மேலும் வீட்டுக்காரர்கள் மேலும் வழக்கு ஆனது. வைஷாலி போன் செய்து, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அக்கா" என்று அழுதாள். நடைகள் நின்றன. கீழ்க்கட்டில் தையல் மெஷின் வைத்திருந்த பெண், மூட்டை கட்டிக்கொண்டே சியாமளா காதுபடச் சொன்னாள்: "அவ மனசு சுத்தமாச்சு. நம்ம கூரை போச்சு." டெம்போ வந்த அன்று வஹினி முற்றத்தைக் கடந்து அமோலின் காரில் ஏறிப் போனார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரவிசந்திரனும் அவளும் தளேகாவில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்துப் போனார்கள். இப்போது ரயில் பிடித்து ஓடுவது அவள் முறை ஆயிற்று. அவன் கோபப்படவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது, "ஜாக்கி வெச்சிருக்கணும். எனக்குத் தெரிஞ்ச வேலை அது" என்றான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஸ்ரீவித்யாவிடம் நேரில் சொல்லாமல் இருக்கச் சியாமளாவால் முடியவில்லை. போலீஸ் மூலம் தெரியும் முன்னே தானே சொல்ல வேண்டும் என்று விமான் நகரில் அவர்கள் வீட்டுக்குப் போனாள். ஸ்ரீவித்யா காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஊரிலிருந்து வந்திருந்த அவள் அம்மா காபி கொண்டு வைத்தார். சியாமளா காபியைத் தொடாமல், விரல் உள்ளே போனதிலிருந்து கடைசி வரை சொல்லி முடித்தாள்.

ஸ்ரீவித்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் உங்க கிட்ட மன்னிப்புக் கேட்டேனுங்களே, ஆன்ட்டி. அப்பவும் நீங்க சும்மாதானே இருந்தீங்க."

"ஆமாம்மா."

"நீங்க கெளம்புங்க."

அவள் அம்மாதான் கதவு வரை வந்தார். காபி டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

நவம்பரில், வஹினிக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு சியாமளா மகர்பட்டாவில் அமோலின் வீட்டுக்குப் போனாள். திருப்பி அனுப்பினால் வந்துவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் லிஃப்டில் ஏறினாள். வேலைக்காரப் பெண் கதவைத் திறந்தாள். அமோலும் அவன் மனைவியும் ஆபீஸ் போயிருந்தார்கள். பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியில் வஹினி உட்கார்ந்திருந்தார். இளைத்துப்போயிருந்தார்.

"உட்கார்," என்றார் மராட்டியில்.

கீழே நீச்சல் குளத்தில் குழந்தைகள் கத்தும் சத்தம் மேலே வரை வந்தது. வஹினி குளத்தைப் பார்த்தபடியே பேசினார். "அந்த இன்ஜினியர்ப் பெண்ணிடம் சொல்லும் முன்னால், எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. தினமும் என் வாசலில்தானே உட்கார்ந்தாய்."

"பயமாக இருந்தது, வஹினி. உங்களுக்குத் தெரிந்தால் அமோலுக்குத் தெரிந்துவிடும் என்று."

வஹினி சேலைத் தலைப்பை முறுக்கினார். "எனக்குத் தெரியும் சியாமளா. தினமும் விடிகாலையில் அந்தத் தூணுக்குக் கீழே மரத்தூள் கொட்டிக் கிடக்கும். குடித்தனக்காரர்கள் கண்ணில் படும் முன்னால் கூட்டி அள்ளினது நான். ஒரு வருஷம் முழுக்க. உனக்குத் தெரிந்தால் பயந்து காலி பண்ணிப் போய்விடுவாய் என்று நான் சொல்லவில்லை. நீ போனால் அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்?"

மேலே ஒருத்தி திரை கட்டியிருக்கிறாள். கீழே ஒருத்தி கூட்டியிருக்கிறாள். நடுவில் தினமும் இரண்டு பேரும் டீ குடித்திருக்கிறார்கள். யாராவது ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் போதும்.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு மறுபடி எப்போது வரச் சொன்னார்கள்?" என்று கேட்டார் வஹினி.

"வர்ற பதினெட்டாம் தேதி. காலையில் பதினொரு மணிக்கு."

"நானும் வருகிறேன். ரிக்‌ஷா வைத்துக்கொண்டு வா. அமோலிடம் சொல்ல வேண்டாம், தடுப்பான்."

பதினெட்டாம் தேதி இரண்டு பேரும் போனார்கள். வஹினி இன்ஸ்பெக்டர் முன்னால் நாற்காலியில் நேராக உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எழுதினவர் இரண்டு தடவை நிறுத்தி, "யோசித்துத்தான் சொல்கிறீர்களா, ஆஜி?" என்று, பாட்டியைக் கூப்பிடுவதுபோலக் கேட்டார். வஹினி கையெழுத்துப் போட்டார். இனி வழக்கில் அவருக்கும் தப்பிக்க வழி இல்லை. வீட்டில் அமோல் என்ன சொல்வானோ, அதுவும் தெரியாது.

அவர்கள் வெளியே வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது எதிரிலிருந்து ஸ்ரீவித்யா வந்தாள். அவளையும் அன்றைக்கே வரச் சொல்லியிருந்தார்கள். கைத்தடி ஊன்றி, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். ஷ்ரேயஸ் ஒரு அடி பின்னால் வந்தான். குறுகின வராந்தா அது. சியாமளா எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஸ்ரீவித்யா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையை மட்டும் பார்த்து, தடியை எங்கே ஊன்றுவது என்று நிதானித்து நின்றாள்.

சியாமளா மறுபடி உட்கார்ந்து, கால்களைப் பெஞ்சுக்கடியில் நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டாள். தடி ஊன்றுகிற சத்தம் அவளைக் கடந்து மெதுவாக உள் அறைக்குப் போயிற்று.